நாலு மணி அலாரமா, ஒன்பதரை மணி சார்ஜரா?

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகள் மதுரை திருநகரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, இந்த நாலுல எதைச் செய்யறதுன்னு நீங்களே சொல்லிருங்க. யோசிச்சு யோசிச்சே ஒரு மாசம் ஓடிருச்சு."

தாளில் இருந்தது இவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது. தினமும் காலை நாலு மணிக்கு எழுவது. ஸ்மார்ட்போனை விட்டுவிட்டு பட்டன் போனுக்குப் போவது. டைம்டேபிள் போட்டு, தினமும் டைரி எழுதி, அதன்படி நடப்பது.

அவளுக்கு 26 வயது. பி.காம். டவுனில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வர முடியும். அந்த ஜூலை 12-ஆம் தேதி, அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதியிருந்தாள். விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்ததில் 200 கேள்விகளில் 141 சரி. தேறாது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் தன்னை மாற்றிக்கொண்டாக வேண்டும் என்பதற்குத்தான் இந்தத் தாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே நாலையும் ஒவ்வொரு காலத்தில் நானே செய்து பார்த்து, மூன்றில் தோற்றவன். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் துறைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. மே, டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அக்கவுன்ட் டெஸ்டில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டேன். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு வாரம் எதையும் மாற்றாதே, நேரம் எங்கே போகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வா.

ஒரு கோடு போட்ட நோட்டில் அரை மணிக்கு ஒரு கட்டம். அடுத்த ஞாயிறு கொண்டுவந்தாள். முதல் நாள் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைக்குமான நாலு கட்டங்களில் ஒரே வார்த்தைதான்: 'விடை தெரியவில்லை.' டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஐந்தாவது தெரிவு அதுதான் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்த நாலு கட்டங்களில்தான் விஷயமே இருந்தது.

மற்ற நாட்களைக் கூட்டிப் பார்த்தோம். தூக்கம் ஆறரை மணி. கடை பத்து மணி. பஸ் ஒன்றரை மணி. குளியல், சமையலில் அம்மாவுக்கு ஒத்தாசை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி. மிச்சம் மூன்றரை மணி நேரம் இருந்தாக வேண்டும். "எனக்கு நேரமே இல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் வாயடைத்துப் போனாள். உண்மையில் புத்தகம் திறந்து படித்தது சராசரியாக ஒரு நாளைக்கு 25 நிமிடம்.

போனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். தினசரி சராசரி 3 மணி 50 நிமிடம். பஸ்ஸில் 50 நிமிடம், மதியச் சாப்பாட்டு நேரம் அது இதென்று இன்னொரு 50. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கும்வரை 2 மணி 10 நிமிடம்.

இதுவரை கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்ன பார்த்தாள் என்று பிரித்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். ரீல்ஸ் ஒன்றரை மணிக்கும் குறைவு. வாட்ஸ்அப் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். மீதி 1 மணி 20 நிமிடமும் தேர்வு சம்பந்தப்பட்டதுதான்! 'முதல் முயற்சியிலேயே வென்றது எப்படி' வீடியோக்கள், டெலிகிராமில் பிடிஎஃப் இறக்குவது, கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்ற அரட்டை. போனில் 340 பிடிஎஃப் கிடந்தன. திறந்து பார்த்தவை பத்துக்கும் குறைவு. தேர்வுக்காக உழைத்துக் களைத்துப்போன உணர்வு அவளுக்கு நிஜமாகவே இருந்தது. உழைப்பு மட்டும் புத்தகத்தின் பக்கம் வரவில்லை. திருமணத்துக்குப் பத்திரிகை அடித்து, மண்டபம் பார்த்து, பந்தக்கால் நட்டுவிட்டு, மாப்பிள்ளையைத் தேட மறந்துபோன மாதிரி.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாலு வழிகளையும் எடைபோட்டோம்.

வேலையை விடுவது

நேரக் கணக்குப்படி இதுதான் பெரிய வரவு. கடையும் பஸ்ஸும் சேர்ந்து பதினொன்றரை மணி நேரம் அப்படியே கைக்கு வரும். மதுரையில் படிக்க இடமும் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை எந்த நாளும் பார்க்கலாம்.

ஆனால் இப்போது கையில் இருக்கிற மூன்றரை மணியில் 25 நிமிடம் படிக்கிறவளுக்குப் பதினைந்து மணி கொடுத்தால் என்ன ஆகும்? அதே விகிதத்தில் போட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. மிச்சப் பதின்மூன்று மணியும் அந்த 340 பிடிஎஃப்புக்குப் போகும். இது குதர்க்கம் மாதிரித் தெரியலாம். வேலையை விட்டுப் படித்து வென்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கும்போதே தினம் இரண்டு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தவர்கள். நேரம் போதாமல் விட்டவர்கள்; படிப்பு வரும் என்று நம்பி விட்டவர்கள் இல்லை.

போட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். 2025 குரூப் 4 அறிவிப்பில் முதலில் சொன்ன இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 13.9 லட்சம். அந்தக் கூட்டத்தில் சம்பளத்தை விட்டுவிட்டு நிற்பது வேறு, சம்பளத்தோடு நிற்பது வேறு. இன்னொன்றையும் அவளே சொன்னாள். வேலையை விட்ட மறுவாரமே வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். "சும்மாதானே இருக்கா" என்ற ஒரு வாக்கியத்துக்கு எதிராக எந்த டைம்டேபிளும் நிற்காது. ஆணாக இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும் என்பது கசப்பான உண்மை.

இதை முதலில் அடித்தோம். நிரந்தரமாக இல்லை. தினம் இரண்டு மணி நேரப் படிப்பு நாலு மாதம் தொடர்ந்து நடந்தால், அப்போது மறுபடி பேசலாம் என்று ஓரத்தில் எழுதினேன்.

நாலு மணி

நம் ஊரில் இதற்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. பிரம்ம முகூர்த்தம் என்பார்கள். வீட்டில் ஒரு பெரியவர் நாலு மணிக்கு எழுந்தே வாழ்க்கையில் முன்னேறியிருப்பார். அவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்றாவது முறை தோற்றபின் நாலு மணிக்கு எழ ஆரம்பித்தேன். பதினோரு நாள் நடந்தது. முதல் நாலு நாள் உலகத்தையே வென்ற மிதப்பு. ஐந்தாம் நாள் முதல் அலுவலகத்தில் மூன்று மணிக்குக் கோப்பு மேல் தலை சாய ஆரம்பித்தது. பதினோராம் நாள் காலையில் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தவன், ஆறரைக்கு அதே பக்கத்தில் எச்சில் ஒழுக விழித்தேன். அன்றோடு சரி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் படித்திருந்தால் அதைவிட அதிகம் ஏறியிருக்கும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

கணக்கு எளிது. வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாலு மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். இவள் வீட்டுப்படி ஏறுவதே எட்டரைக்கு. பன்னிரண்டுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் நாலு மணி நேரத் தூக்கம். பகலில் படித்தது மனதில் தங்குவதற்கான வேலையில் முக்கியமான ஒரு பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைப்பது, விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுகிற காரியம்.

மார்கழியில் மட்டும் இது நடந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கு எழுப்பும். தெருவே விழித்திருக்கும். குளிர்ச்சியாக இருக்கும், கோலம் போட அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில். எழுவதற்கு மன உறுதியே தேவைப்படாது. தை பிறந்து ஒலிபெருக்கி ஓய்ந்ததும் பழைய ஆறரை மணி திரும்பிவிடும். எழுப்பியது நம் வைராக்கியம் இல்லை, ஒலிபெருக்கி.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. இயல்பாகவே இரவு ஒன்பதரைக்குக் கண் செருகுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருந்து வீடு அடங்கிய அந்த ஒரு வேளை மட்டுமே சொந்தமாக உள்ளவர்கள் ஆகியோருக்கு விடிகாலைதான் சரி. நான் தடுக்க மாட்டேன். மருத்துவமனை ஷிப்டில் இருக்கிறவர்களுக்குக் கடிகார மணியே உதவாது. 'எழுந்ததும்', 'டியூட்டி முடிந்து குளித்ததும்' என்று செயலோடுதான் கட்ட வேண்டும்.

போன்

இதற்குள்ளேயே மூன்று வழிகள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கே அன்று ரொம்ப நேரம் ஆனது.

பட்டன் போன் அவளுடைய முதல் ஆசை. ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓடிபி வரும். யுபிஐகூட முடியும், 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே சாதாரண போன்களுக்கானதுதான். ஆனால் கடையின் கணக்குப் பிரிவே வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடுகிறது. பில் படம், ஸ்டாக் பட்டியல், "நாளைக்கு லீவு இல்லை" எல்லாமே அதில்தான். இரண்டு போன் வைத்துக்கொள்ளலாம் என்றாள். இரண்டு போன் வைத்தவர்கள் இரண்டையும் பார்ப்பார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் பட்டன் போனுக்கு மாறி, மூன்றாம் வாரம் மனைவியின் போனில் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தார்.

செயலிக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது அடுத்தது. முப்பது நிமிடம் ஆனதும் செயலி மூடிக்கொள்ளும், 'இன்றைக்கு முடிந்தது' என்று வரும். நல்ல ஏற்பாடுதான். பூட்டும் சாவியும் ஒரே கையில் இருப்பதுதான் இதில் உள்ள கோளாறு. அவளே வைத்த கட்டுப்பாட்டை அவளே தளர்த்துவதற்கு நாலைந்து நொடிதான். களைத்துப் போன இரவு பத்து மணிக்கு அந்த நாலைந்து நொடி ஒரு தடையே இல்லை. பகலில் இது ஓரளவு பயன்படும், இரவில் பயன்படாது என்பது என் கருத்து.

மூன்றாவது வழி போனை விடுவதோ பூட்டுவதோ இல்லை. இடத்தை மாற்றுவது. இரவு ஒன்பதரைக்கு போன் கூடத்தில் சார்ஜரில் ஏற வேண்டும். படுக்கிற அறையில் சார்ஜரே இருக்கக் கூடாது. எழுப்புவதற்கு ஒரு சாதா அலாரம் கடிகாரம். இவ்வளவுதான்.

இதற்கு ஆதரவாக ஒரு ஆய்வை அடிக்கடி சொல்வார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 800 பேரை வைத்துச் செய்தது. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் மனத்துக்கு வேலை வைக்கும் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். போன் ஒலிக்கக்கூட இல்லை, கிட்டே இருந்ததே போதுமாக இருந்தது. பின்னால் செய்த ஆய்வுகள் எல்லாமே இதை வழிமொழிந்துவிடவில்லை, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எனக்கு அதைவிட எளிய காரணம் போதும். படுக்கையிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து, அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்துக்குப் போய், "இந்நேரத்துல எதுக்குடி போனு?" என்ற கேள்வியைத் தாண்டி போனை எடுப்பதற்கு முயற்சி வேண்டும். களைப்பு என்பது இதுவரை அவளுக்கு எதிராக வேலை செய்தது. இந்த ஏற்பாட்டில் அது அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறது. சோம்பேறித்தனத்தால் போன் எடுக்காமல் இருப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

வரவு எவ்வளவு? ஒன்பதரைக்கு போன் போனால் பன்னிரண்டுக்குப் படுக்கிறவள் பத்தரைக்குப் படுத்துவிடுவாள். ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முக்கால் மணி நேரம் படிக்கலாம். தூக்கம் ஏழு மணி ஆனாலும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். நாலு மணிக்காக முட்டி மோத வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது வழியில் கிடைக்கும் என்று அவள் நம்பியதில் பாதி, மூன்றாவது வழியின் உபரியாக வந்து சேர்கிறது. காலை நேரம் வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது முந்தின இரவை.

டைம்டேபிளும் டைரியும்

டைம்டேபிள் போடுவது இன்பமான வேலை. ஸ்கெட்ச் பேனா, ஸ்கேல், நாலு வண்ணம். போட்டு முடித்ததும் பாதி படித்துவிட்ட நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து. அவள் ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தாள். ஒன்றில் இரவு 9.00 முதல் 9.45 வரை பொருளாதாரம், 9.45 முதல் 10.30 வரை இந்திய அரசியலமைப்பு, 10.30 முதல் 11.15 வரை திறனறிவு. கடையில் கணக்கு முடிக்கத் தாமதமாகி ஒரு நாள் ஒன்பதே காலுக்கு வந்தாள், முழுச் சங்கிலியும் அறுந்தது. நிமிடத்துக்கு நிமிடம் போட்ட அட்டவணை ரயிலுக்குச் சரி. கூட்டுக் குடும்பத்துக்கும் ஜவுளிக் கடை வேலைக்கும் சரிப்படாது.

டைரி வேறு விஷயம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் ஆரம்பித்து 1761 வரை கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். அதைப் புரட்டினால் கப்பல் வந்தது, சரக்கு வந்தது, ஆளுநர் இன்னது சொன்னார், ஊரில் இன்ன வதந்தி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தன்னை மேம்படுத்திக்கொள்ள எழுதிய மாதிரித் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். அக்கா மகளின் டைரி இதற்கு நேர் எதிர். 'நாளையிலிருந்து நான் புதிய மனுஷி' என்று ஆரம்பிக்கும் பக்கங்கள்தான் அதில் அதிகம். அந்த ஒரு வாரம் அரை மணிக் கட்டம் போட்டு எழுதிய கணக்கு, அவளுடைய ஆறு மாத டைரி சொல்லாததைச் சொல்லிவிட்டது.

அதனால் டைரியில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதுவது. 'தமிழ் படிக்கணும்' என்று எழுதக் கூடாது. 'எட்டாம் வகுப்புத் தமிழ், மூன்றாவது இயல், பின்பக்க வினாக்கள்' என்று எழுத வேண்டும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கும் முன் ஐந்து நிமிடம் வரவிருக்கும் வேலைகளைப் பட்டியல் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்பே தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு திட்டவட்டமோ அவ்வளவு சீக்கிரம். காலையில் எழுந்து 'இன்னைக்கு எதை எடுக்கறது' என்று யோசிக்கிற அந்தப் பதினைந்து நிமிடமும் மிச்சம். தெளிவு தெளிவு என்கிறார்களே, அது தியானத்தில்தான் கிடைக்கும் என்றில்லை. நாளைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தாலே பாதி கிடைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்தே செய்தால்?

தாளில் இல்லாத ஐந்தாவது யோசனை இது. எழுந்து போகும்போது கேட்டாள். "மாமா, ஐயப்பனுக்கு மாலை போடற மாதிரி ஒரு மண்டலம் எல்லாத்தையும் ஒரேயடியா விட்டுட்டா?"

நல்ல கேள்வி. நாம் பழக்கம் மாற்றுவதில் கைதேர்ந்த சமூகம். தினமும் குடிக்கிறவர் மாலை போட்ட அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடுவதில்லை. விடிகாலைக் குளியல், செருப்பில்லாத நடை, தரையில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு என்று ஏழெட்டுப் பழக்கங்கள் ஒரே நாளில் மாறுகின்றன. ஒரு பழக்கத்தை மாற்றவே மன உறுதி போதாது என்று சொல்கிற எவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் அந்த வேட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கறுப்போ நீலமோ கட்டியவுடன் ஊரே அவரை 'சாமி' என்கிறது. டீக்கடைக்காரர் கிளாஸைத் தனியாகக் கழுவிக் கொடுக்கிறார். பழைய குடிக் கூட்டாளியே "சாமி, நீங்க போங்க" என்று வழியனுப்புகிறார். அவர் மனதை மாற்றிக்கொள்ளும் முன்பே அவரைச் சுற்றியுள்ள அத்தனையும் மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் பழையபடி திரும்புகிறது, பல பேருக்குக் குடியும் திரும்புகிறது. ஒரு மண்டலம் போதாததால் இல்லை. முடிகிற தேதி ஒன்று அதற்கு இருந்ததால்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு 21 என்ற பதில் எங்கும் உலவுகிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. முக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். முகத்துக்குச் சொன்னதைப் பழக்கத்துக்கு ஒட்டவைத்துவிட்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தன்னிச்சையாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு விரிந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விரதத்தில் அப்படி இல்லையே! ஒரு நாள் மீறினால் விரதமே முறிந்தது. படிப்பை விரதமாக எடுத்தவர்கள் ஒரு கல்யாண வீட்டோடு நிறுத்திவிடுவது அதனால்தான்.

ஆகவே மாலையிலிருந்து வேட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், தேதியை விட்டுவிடலாம் என்றேன். அதாவது வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மாற்றம், முடிவு நாள் இல்லாமல்.

கடைசியில் தேர்ந்தது இது: ஒன்பதரைக்கு சார்ஜர், கூடத்தில். படுக்கும் முன் நாளைய பக்கம். மூன்றாவதாக பஸ்ஸை நான் சேர்த்தேன். திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரை நின்றுகொண்டே போகிற நேரம் அது. கூட்ட நெரிசலில் புத்தகம் விரிக்க முடியாது. முந்தின இரவு படித்ததைப் புத்தகம் பார்க்காமல் மனதுக்குள் ஒப்பிக்கலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பது ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் காட்டினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் அதை ஆய்வில்லாமலேயே செய்தார்கள், பிரம்போடு.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். முதல் வாரம் ஆறு நாள் நடந்தது. இரண்டாம் வாரம் மூன்று நாள்தான், ஒரு சடங்கு வீடும் ஒரு கிரிக்கெட் மேட்சும் குறுக்கே வந்தன. அவள் விட்டுவிடப் பார்த்தாள். நோட்டில் கோடு போடாத நாலு கட்டங்களைச் சுட்டி, "இது விடுபட்டது, அவ்வளவுதான்" என்றேன். மூன்றாம் வாரத்திலிருந்து படிப்பு சராசரி ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஏறியிருக்கிறது. அலாரம் ஐந்தரைக்கு வைத்தது ஐந்தே முக்காலாகிவிட்டது. அதில் நான் தலையிடவில்லை. பிடிஎஃப்களில் முந்நூற்றுச் சொச்சத்தை அழித்துவிட்டாள், அழுகை வந்ததாம். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத தேர்வு அது.

புதுச் சிக்கல் ஒன்றும் வந்திருக்கிறது. கூடத்தில், அரிசி டின் மேல் ஒன்பதரைக்கு அவள் வைத்துவிட்டுப் போகிற போனை, சீரியல் முடிந்ததும் அக்கா எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அக்காவிடமிருந்து எனக்கு ஒரு ரீல் வந்தது: நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்பது பற்றி.